தண்டுவட மரப்பு நோயில் உடற்பயிற்சியைத் தொடர்தல்

தண்டுவட மரப்பு நோயில் உடற்பயிற்சியைத் தொடர்தல் என்பது, மல்ட்டிபிள் ஸ்க்லிரோசிஸ் எனவும் அறியப்படும் தண்டுவட மரப்பு நோய் கொண்டவர்கள், தமக்கென வகுக்கப்பட்ட உடற்பயிற்சித் திட்டத்தைக் கைவிடாமல் நீண்ட காலம் செய்துவருவதைக் குறிக்கும். இந்நோய் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி நன்மை தரும் என்பது 1990களின் நடுப்பகுதி முதல் வெளிவந்த ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. ஆயினும் பயிற்சியைத் தொடங்குபவர்களில் பலர் சில மாதங்களுக்குள் நிறுத்திவிடுகின்றனர். இதற்குச் சோம்பல் காரணம் என்று சுற்றியிருப்போர் கருதுவதுண்டு. உண்மையில் நோயின் களைப்பு, வெப்பத்தால் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடுதல், அதை நோய் முற்றுவதாகப் பிழையாகப் புரிந்துகொள்ளுதல், நாளுக்கு நாள் மாறும் உடல்நிலைக்கு இடம் தராத திட்டம் ஆகியவையே முதன்மைக் காரணங்களாகும்.

இக்கட்டுரை இக்காரணங்களையும், தொடர்வதற்கு உதவும் வழிமுறைகளையும், வெப்பம் மிகுந்த கொங்கு நாட்டுச் சூழலில் அவற்றைக் கடைப்பிடிக்கும் முறைகளையும் விளக்குகிறது.

நோயின் இயல்பு

தண்டுவட மரப்பு நோய், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் மைய நரம்பு மண்டலத்தையே தாக்குவதால் உண்டாவது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை இதனால் சிதைகிறது. மின்கம்பியின் மேலுறை உரிந்தால் மின்சாரம் கசிவதைப் போல, உறை சிதைந்த நரம்பில் குறிப்பலைகள் மெதுவாகச் செல்கின்றன அல்லது இடையில் நின்றுவிடுகின்றன. பெயரில் தண்டுவடம் இருப்பினும், மூளையும் கண் நரம்பும் கூட இந்நோயால் பாதிக்கப்படுகின்றன.

நோயாளிகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு இந்நோய் தொடக்கத்தில் மீள்தாக்க வகையாக அமைகிறது. அதாவது, புதிய அறிகுறிகள் தோன்றி, சில நாட்களோ வாரங்களோ நீடித்து, பின்னர் முழுமையாகவோ ஓரளவோ தணியும். எஞ்சியோருக்குத் தொடக்கம் முதலே படிப்படியாகக் கூடும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் நோய் வெளிப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

2020 ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டுக் கணக்கெடுப்பின்படி உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது. இந்தியாவில் இது அரிய நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. காந்த அதிர்வு வரைவி (எம். ஆர். ஐ.) பரவலான பின்னரே பலர் கண்டறியப்பட்டனர். 2014 இல் வெளியான மங்களூர் நகர ஆய்வு, இலட்சம் பேருக்கு 8 பேர் என்ற அளவில் இந்நோய் இருப்பதாகக் காட்டியது.

உடற்பயிற்சி பற்றிய கருத்தின் வரலாறு

பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் சார்க்கோ 1868 இல் இந்நோயைத் தனி நோயாக வரையறுத்தார். 1890 இல் செருமானியக் கண் மருத்துவர் வில்லெம் ஊட்டோப், இந்நோயாளிகள் சிலருக்கு உடலுழைப்பின் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதைப் பதிவு செய்தார். இது இன்று ஊட்டோப் நிகழ்வு எனப்படுகிறது. அவர் இதற்கு உழைப்பே காரணம் எனக் கருதினார். உழைப்பால் உயரும் உடல் வெப்பமே காரணம் என்பது பின்னரே தெளிவானது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நோயாளியைச் சூடான நீரில் அமரவைத்து, அறிகுறிகள் தோன்றுகின்றனவா எனப் பார்க்கும் சோதனையும் நோயறிதலில் வழக்கில் இருந்தது.

இவற்றின் விளைவாக, இந்நோயாளிகள் உடலை வருத்தாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்ற அறிவுரை பல பத்தாண்டுகள் நிலவியது. வெப்பத்தால் வரும் மங்கல் நரம்பைச் சிதைப்பதில்லை என்பதும், ஓய்வு தசைகளை நலியச் செய்யும் என்பதும் அந்நாளில் போதிய கவனம் பெறவில்லை.

1996 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டசானும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு திருப்புமுனையாக அமைந்தது. 54 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினர் 15 வாரங்கள், வாரம் மூன்று முறை, கை கால்களால் இயக்கும் மிதிப்பொறியில் பயிற்சி செய்தனர். அவர்களது இதய-நுரையீரல் திறனும் தசை வலிமையும் கூடின. நோய் மோசமடையவில்லை.

2014 இல் பிலுட்டி முதலியோர் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி செய்யாத குழுக்களில் 6.3 விழுக்காட்டினருக்கும், பயிற்சி செய்த குழுக்களில் 4.6 விழுக்காட்டினருக்கும் மீள்தாக்கம் ஏற்பட்டிருந்தது. உடற்பயிற்சி மீள்தாக்கத்தைத் தூண்டும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை என்பதை இத்தொகுப்பு காட்டியது. களைப்பைப் பற்றிய 2015 ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வு 45 ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து, பயிற்சி களைப்பைக் குறைக்கிறது என்ற முடிவுக்கு வந்தது.

இருவகை இழப்பு

இந்நோயில் உடல் திறன் இரண்டு வழிகளில் குறைகிறது.

* முதலாவது, நரம்புச் சிதைவால் நேரடியாக ஏற்படும் இழப்பு. இதை மட்டுப்படுத்த மருந்துகள் உள்ளன. ஏற்கனவே இழந்ததை மீட்பது கடினம்.
* இரண்டாவது, பயன்படுத்தாமையால் ஏற்படும் இழப்பு. நடப்பதைக் குறைத்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் அதே தொலைவை நடக்க மேலும் ஆற்றல் செலவாகும். அதனால் களைப்பு கூடும். களைப்பு கூடுவதால் நடை மேலும் குறையும்.

இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தே வெளிப்படுவதால், நோயாளி தன் தளர்ச்சி முழுவதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறார். இரண்டாவது வகை இழப்பு உடற்பயிற்சியால் மீளக்கூடியது. ஆனால் பெற்ற பயன், பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். ஆகவே இந்நோயில் எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்தார் என்பதைவிட எவ்வளவு காலம் தொடர்ந்தார் என்பதே முதன்மை பெறுகிறது.

பரிந்துரைக்கப்படும் அளவு

2013 இல் வெளியான கனடிய வழிகாட்டுதல், இலேசான அல்லது நடுத்தர ஊனமுள்ள 18 முதல் 64 வயதுடையோருக்குப் பின்வரும் அளவைப் பரிந்துரைத்தது.

* வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடங்கள், நடுத்தரக் கடுமையுள்ள மூச்சுப் பயிற்சி (நடை, மிதிவண்டி, நீச்சல் போன்றவை). பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற நிலை நடுத்தரக் கடுமையாகும்.
* வாரம் இரு முறை, முதன்மைத் தசைகளுக்கான வலிமைப் பயிற்சி.

அமெரிக்காவின் தேசிய தண்டுவட மரப்பு நோய்ச் சங்கம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரை, வாரத்திற்கு 150 நிமிடங்கள் என்ற இலக்கைப் படிப்படியாக அடையுமாறு கூறுகிறது. இதில் பயிற்சியுடன் அன்றாட உடலியக்கமும் சேரும். வாசல் பெருக்கிக் கோலமிடுதல், தோட்டத்தில் நீர் பாய்ச்சுதல், கடைக்கு நடந்து செல்லுதல் ஆகியவையும் இக்கணக்கில் அடங்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

ஊனத்தின் அளவைக் குறிக்க, ஜான் கர்ட்ஸ்கி 1983 இல் வெளியிட்ட 0 முதல் 10 வரையிலான அளவுகோல் பயன்படுகிறது. இதில் 4 என்பது துணையின்றி ஏறத்தாழ 500 மீட்டர் நடக்கக்கூடிய நிலை. 6 என்பது 100 மீட்டர் நடக்க ஒரு கைத்தடி வேண்டிய நிலை. 7 என்பது பெரும்பாலும் சக்கர நாற்காலியைச் சார்ந்த நிலை. பயிற்சியின் வகை இந்நிலைக்கு ஏற்ப மாறும்.

தொடர முடியாமைக்கான காரணங்கள்

களைப்பு: நோயாளிகளில் நான்கில் மூவருக்கு மேல் களைப்பால் துன்புறுகின்றனர். இது உழைத்த பின் வரும் இயல்பான சோர்வினின்று வேறுபட்டது. உறங்கி எழுந்த உடனேயும் இருக்கலாம். வெளியே தெரியாததால் குடும்பத்தினர் இதை நம்பத் தயங்குகின்றனர்.

வெப்ப உணர்வு: நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வெப்பத்தால் அறிகுறிகள் கூடுகின்றன. உறை சிதைந்த நரம்பில், உடல் வெப்பநிலை அரை டிகிரி செல்சியசு அளவு உயர்ந்தாலே குறிப்பலைகள் தடைப்படக்கூடும்.

விழும் அச்சம்: மூன்று மாத காலத்தில் ஒரு முறையேனும் விழுந்தோர் பாதிக்கு மேல் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு முறை விழுந்தவர் நடப்பதையே குறைத்துக்கொள்கிறார். அதனால் கால்கள் மேலும் வலுவிழந்து, விழும் வாய்ப்பு கூடுகிறது.

சிறுநீர் அவசரம்: சிறுநீரை அடக்க இயலாமை இந்நோயில் பரவலாகக் காணப்படுவது. வழியில் கழிப்பறை இல்லாத இடத்தில் நடைப்பயிற்சி செய்யப் பலர், குறிப்பாகப் பெண்கள், தயங்குகின்றனர். இதை மருத்துவரிடம் சொல்லாமல், வேறு காரணம் கூறிப் பயிற்சியை நிறுத்துவதும் உண்டு. சிலர் நீர் அருந்துவதைக் குறைக்கின்றனர். இது வெப்பக் காலத்தில் தீங்கானது.

மனச்சோர்வும் மறதியும்: மனச்சோர்வு இந்நோயில் மிகுதி. அது தனியே மருத்துவம் தேவைப்படும் நிலையாகும். நினைவாற்றலும் கவனமும் குறைவதால், பயிற்சியின் வரிசையை மறப்பதும் உண்டு.

மிகைப் பயிற்சி: உடல் நன்றாக இருக்கும் நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துச் செய்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாட்கள் படுத்துவிடுதல். இச்சுழற்சி சில முறை நிகழ்ந்தால், பயிற்சி தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்ற முடிவுக்கு நோயாளி வந்துவிடுகிறார்.

தற்காலிகக் கூடுதலும் மீள்தாக்கமும்

பயிற்சியைக் கைவிடுவதற்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமை பெருங்காரணமாக உள்ளது. நடந்து வந்தவுடன் கால் மரத்துப்போனாலோ பார்வை மங்கினாலோ நோய் முற்றிவிட்டது என அஞ்சுவது இயல்பே. வேறுபாடுகள் பின்வருமாறு:

* வெப்பத்தாலும் பயிற்சியாலும் வரும் கூடுதலில், பெரும்பாலும் முன்பே இருந்த அறிகுறிகளே மீண்டும் தோன்றும். நிழலில் அமர்ந்து உடல் குளிர்ந்தால் தணியும். பெரும்பாலோருக்கு அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்.
* மீள்தாக்கத்தில் புதிய அறிகுறி தோன்றும், அல்லது பழைய அறிகுறி தெளிவாக மோசமடையும். காய்ச்சலோ நோய்த்தொற்றோ இல்லாத நிலையில் 24 மணி நேரத்திற்கு மேல் நீடிக்கும். குளிர்வித்தாலும் மாறாது.
* சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் போன்றவற்றால் பழைய அறிகுறிகள் சில நாட்கள் கூடுவது போலி மீள்தாக்கம் எனப்படும். தொற்றுக்கு மருத்துவம் செய்தால் தணியும்.

முதல் வகை நிகழ்ந்தால் பயிற்சியின் அளவையோ நேரத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும். பயிற்சியை விட வேண்டியதில்லை. இரண்டாவது வகையில் பயிற்சியை நிறுத்தி நரம்பியல் மருத்துவரை நாட வேண்டும். மூன்றாவதில் தொற்று தணிந்த பின் தொடரலாம்.

கொங்கு நாட்டுச் சூழல்

தட்பவெப்பம்

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்துள்ளது. கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றால் சூன் முதல் ஆகத்து வரை நகரம் இதமாக இருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களே கடுமையானவை. கிழக்கே செல்லச் செல்ல வெப்பம் கூடும். ஈரோடு, கரூர் பகுதிகளில் கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு.

ஒரே திட்டத்தை ஆண்டு முழுவதும் கடைப்பிடிப்பது இங்கு கடினம். தை மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கியவர், சித்திரையில் அதே நேரத்தில் நடந்தால் கால்கள் தடுமாறும். அதை நோயின் வளர்ச்சி எனக் கருதி நிறுத்திவிட வாய்ப்புண்டு. ஆகவே திட்டத்தைப் பருவத்திற்கு ஏற்ப வகுப்பது நல்லது. மாசி முதல் வைகாசி வரை அதிகாலையில் அல்லது வீட்டுக்குள்ளும், ஆடிக் காற்றின் போது பலத்த காற்று இல்லாத இடங்களிலும் பயிற்சி செய்யலாம். சமநிலை குறைந்தவர்களைத் திடீர்க் காற்று தள்ளிவிடக்கூடும்.

அதிகாலையில் உடல் வெப்பநிலையும் இயல்பாகவே குறைவாக இருக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்த நேரத்தில் பார்வைக் குறைபாடு உள்ளோர் மேடு பள்ளங்களைக் காண்பது அரிது. எனவே விடிந்த பின் தொடங்குவதே பாதுகாப்பானது.

குளிர்வித்தல்

கோவைப் பகுதியின் கோடைக் காற்று சென்னையைப் போன்று ஈரப்பதம் மிகுந்ததன்று. காற்று உலர்ந்திருந்தால் ஈரம் விரைவில் ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். கழுத்திலும் கைகளிலும் ஈரத்துண்டு சுற்றி மின்விசிறியின் முன் அமர்வது இங்கு நல்ல பயன் தரும்.

பயிற்சிக்கு முன்னும் இடையிலும் குளிர்ந்த நீர் அருந்துவது, வெப்ப உணர்வுள்ள நோயாளிகள் கூடுதல் நேரம் பயிற்சி செய்ய உதவுவதாக 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அவ்வாய்வில் பனிக்கட்டி நிலைக்கு அண்மையான குளிர்நீர் பயன்படுத்தப்பட்டது. பானைத் தண்ணீர் அந்த அளவு குளிர்ந்ததன்று எனினும், வெதுவெதுப்பான குழாய் நீரைவிட மேலானது.

நீராவிக் குளியல், சூடான எண்ணெய்ச் சிகிச்சை, வெந்நீர்க் குளியல் ஆகியவற்றால் சிலருக்கு அறிகுறிகள் கூடும். இவற்றைப் பயிற்சி நாளில் தவிர்ப்பதும், சிகிச்சை அளிப்பவரிடம் நோயின் பெயரை முன்னரே கூறுவதும் தேவை. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெயில் நேரத்தில் கோயில் பிரகாரக் கற்களில் வெறுங்காலுடன் நடந்தால், சுடுவது தெரியாமலே கொப்புளம் உண்டாகலாம்.

நடைப்பயிற்சி இடங்கள்

கோவை நகரில் ரேஸ்கோர்ஸ் நடைபாதை பலரும் நாடும் இடமாகும். அதன் சுற்று ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் ஆகிய குளக்கரைகளில் சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் நடைபாதைகள் அமைக்கப்பட்டன.

வட்டப்பாதையில் பாதியில் களைப்பு வந்தால், முன்னே சென்றாலும் திரும்பினாலும் ஒரே தொலைவு நடக்க வேண்டியிருக்கும். எனவே இந்நோயாளிகள் இரண்டு இருக்கைகளுக்கு இடையிலான குறுகிய தொலைவில் சென்று திரும்புவது ஏற்றது. தன்னால் இயலும் மொத்தத் தொலைவில் மூன்றில் ஒரு பங்கு சென்றதும் திரும்பிவிடுதல் எளிய நடைமுறை விதியாகக் கொள்ளத்தக்கது. மீதமுள்ள ஆற்றல் வீடு சேரவும், அன்றைய வேலைகளுக்கும் உதவும்.

ஆலையும் தோட்டமும்

நூற்பாலைகளிலும் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கு, வேலை முடிந்து வந்தபின் பயிற்சி செய்ய ஆற்றல் எஞ்சுவதில்லை. இவர்கள் வேலைக்கு முன் பத்து நிமிடங்களும், உணவு இடைவேளையில் சில நிமிடங்கள் அமர்ந்தபடி செய்யும் பயிற்சிகளும் எனப் பிரித்துக்கொள்ளலாம். முறைப்பணியில் உள்ளவர்கள் கடிகார நேரத்தைவிட, உறங்கி எழுந்த பின் என்பது போன்ற நிகழ்வுடன் பயிற்சியை இணைத்தால் மாறுபாடு குறையும்.

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் பல குடும்பங்கள் ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துச் சாளைகளில் வாழ்கின்றன. அங்கிருந்து வாரம் மூன்று முறை நகரத்துப் பயிற்சி மையத்திற்குச் சென்று வருவதே பெரும் களைப்பைத் தரும். இவர்களுக்கு இயன்முறை மருத்துவரிடம் ஒரு முறை முறையாகக் கற்று, வீட்டிலேயே செய்து, மாதம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளும் திட்டம் பொருந்தும். திண்ணையில் அமர்ந்து எழுதல், சுவரைப் பிடித்து நுனிக்காலில் நிற்றல், நீர் நிரப்பிய புட்டியைத் தூக்குதல் ஆகியவற்றுக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை.

தொடர்வதற்கான வழிமுறைகள்

சிறிய தொடக்கம்: இயலும் என்று தோன்றும் அளவில் பாதியைத் தொடக்க அளவாகக் கொள்ளலாம். இரண்டு வாரங்கள் தடையின்றிச் செய்தபின் சிறிது கூட்டலாம். அளவைக் கூட்டும்போது நேரம், வேகம், எடை ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

மூவகைத் திட்டம்: ஒரே அளவை விதித்துக்கொண்டால், செய்ய இயலாத நாள் தோல்வி நாளாகிறது. அதனால் மூன்று அளவுகளை முன்னரே எழுதிவைப்பது பயன் தரும். எடுத்துக்காட்டாக:

* முழு அளவு: 30 நிமிட நடை.
* அரை அளவு: இடையில் ஓய்வுடன் எட்டு நிமிட நடை இரு முறை.
* குறைந்த அளவு: நாற்காலியில் அமர்ந்தோ படுத்தபடியோ ஐந்து நிமிடங்கள் கை கால்களை நீட்டி மடக்குதல்.

காலையில் உடல்நிலையைப் பார்த்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்த அளவைச் செய்த நாளும் பயிற்சி செய்த நாளாகவே கணக்கிடப்படும். நல்ல நாளிலும் முழு அளவைத் தாண்டக் கூடாது என்பது இத்திட்டத்தின் மற்றொரு பாதியாகும்.

குறிப்பேடு: நாட்காட்டியில் செய்த அளவு, நேரம், வெயில், பயிற்சிக்குப் பின் தணிய எடுத்த நேரம் ஆகியவற்றைக் குறித்துவந்தால், எந்தச் சூழலில் அறிகுறி கூடுகிறது என்பது சில வாரங்களில் புலப்படும். மறதி உள்ளவர்களுக்கும் இது துணை. மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

தன்திறன் நம்பிக்கை: தன்னால் இதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977 இல் தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தாக வகுத்தார். இந்நோயாளிகளில் உடலியக்கம் மிகுதியாக உள்ளோரிடம் இந்நம்பிக்கையும் மிகுதியாக இருப்பதாக ராபர்ட் மோட்ல் முதலிய ஆய்வாளர்கள் கண்டனர். இது அறிவுரையால் வளர்வதைவிட, சிறிய இலக்குகளை மீண்டும் மீண்டும் நிறைவேற்றுவதாலேயே வளர்கிறது.

துணை: ஒருவருடன் சேர்ந்து செய்யும் பயிற்சி எளிதில் விடுபடுவதில்லை. துணை வருபவர் நோயாளியின் வேகத்தில் நடக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துவதும், எதுவும் செய்ய வேண்டாம் என்று தடுப்பதும் ஒரே விளைவையே தரும். கைத்தடி பிடித்தால் ஊரார் கேட்பார்கள் என்று வீட்டில் முடங்குவோரும் உண்டு. கைத்தடியும் கணுக்கால் தாங்கியும் நடக்கும் தொலைவைக் கூட்டும் கருவிகளாகும். தேவையான நேரத்தில் அவற்றைப் பயன்படுத்துவோர் பயிற்சியைத் தொடர்வது எளிதாகிறது.

மீண்டும் தொடங்குதல்: மீள்தாக்கம், காய்ச்சல், திருமணம், திருவிழா, அறுவடை என இடைவெளிகள் வந்தே தீரும். நீண்ட காலம் தொடர்பவர்களுக்கும் இடைவெளிகள் உண்டு. அவர்கள் மீண்டும் தொடங்குகின்றனர். மீள்தாக்கத்திற்கான மருத்துவம் முடிந்து நிலை சீரான பின், மருத்துவர் ஒப்புதலுடன் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். முன்பு செய்த அளவை உடனே எட்ட முயல்வது கூடாது. புதிய குறைபாடு எஞ்சியிருந்தால் திட்டத்தையே மாற்றி அமைக்க வேண்டும்.

தைப்பூசத்திற்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வது கொங்கு நாட்டில் பரவலான வழக்கம். இந்நோயாளிகள் சிலர் அதை இலக்காகக் கொள்ளக்கூடும். பல நாள் தொடர் நடை பொதுவாக இந்நோயில் உகந்ததன்று. கடைசி ஒரு சிறு பகுதியை மட்டும் ஓய்வுடன் நடப்பது, விஞ்சு வழியே மலையேறுவது போன்று இலக்கைத் தன் நிலைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம்.

பயிற்சியின் வகைகள்

யோகாசனம்: 2004 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 69 நோயாளிகளில் யோகாசனம் செய்த குழுவுக்கும் மிதிவண்டிப் பயிற்சி செய்த குழுவுக்கும் ஆறு மாதங்களில் களைப்பு குறைந்தது. நின்று செய்யும் ஆசனங்களைச் சுவர் அல்லது நாற்காலியின் துணையுடன் செய்ய வேண்டும். வெப்பமூட்டிய அறையில் செய்யும் யோகா ஏற்றதன்று.

நீர்ப் பயிற்சி: நீர் உடல் எடையைத் தாங்குவதாலும், வெப்பத்தை அகற்றுவதாலும் ஏற்றது. ஏறத்தாழ 27 முதல் 29 டிகிரி செல்சியசு வெப்பமுள்ள நீர் பரிந்துரைக்கப்படுகிறது. தோட்டக் கிணற்றின் நீர் குளிர்ந்திருப்பினும், வழுக்கும் படிகளும் ஆழமும் கால் தளர்ந்தோருக்கு ஆபத்தானவை.

இசையுடன் கூடிய அசைவு: கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் வள்ளிக்கும்மி மீண்டும் பரவியுள்ளது. இக்கலையைக் கற்பித்துவந்த கோவை மாவட்டத்தின் பத்ரப்பன் 2024 இல் பத்மசிறீ விருது பெற்றார். முழு ஆட்டம் நெடுநேரம் நீள்வதால் இந்நோயாளிகளுக்குக் கடினம். அமர்ந்தபடி கைதட்டி, தாளத்திற்குக் காலை அசைத்து, சில பாடல்களுக்கு மட்டும் பங்கேற்பது இயலக்கூடியது. ஊராருடன் சேர்ந்து செய்வதே இதன் சிறப்பு.

நோய் முற்றிய நிலையில்

சக்கர நாற்காலியைச் சார்ந்தோரும் பயிற்சியைத் தொடரலாம். கைகளால் இயக்கும் மிதிப்பொறி, மூச்சுத் தசைப் பயிற்சி, அமர்நிலைச் சமநிலைப் பயிற்சி, பிறர் துணையுடன் மூட்டுகளை அசைத்தல் ஆகியவை தசை இறுக்கத்தையும் படுக்கைப் புண்ணையும் தவிர்க்க உதவும். இந்நிலையில் பயிற்சியின் நோக்கம் நடப்பதிலிருந்து, தானே உண்ணுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் போன்றவற்றுக்கு மாறுகிறது.

மருத்துவ, அரசு உதவிகள்

கொங்கு நாட்டில் நரம்பியல் மருத்துவமும் இயன்முறை மருத்துவமும் கோயம்புத்தூரில் செறிந்துள்ளன. கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி 1966 இலும், பூ. சா. கோ. மருத்துவ அறிவியல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 1985 இலும் தொடங்கப்பட்டன. 2022 சனவரியில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன.

* 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறை மருத்துவமும் அடங்கும். தோட்டங்களில் வாழ்வோருக்கு இது பொருத்தமானது.
* மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரித்த 21 குறைபாடுகளில் இந்நோயும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதெனச் சான்று பெற்றோர் சட்டத்தின் பல பயன்களைப் பெறலாம். விண்ணப்பங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.
* தமிழ்நாட்டு அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்தம் துணையாளருக்கும் கட்டணமில்லாப் பயணம் 2021 இல் நடைமுறைக்கு வந்தது.
* 1985 இல் நிறுவப்பட்ட இந்திய தண்டுவட மரப்பு நோய்ச் சங்கம், சென்னை உட்படப் பல நகரங்களில் கிளைகள் வழியே நோயாளிகளை ஒன்றிணைக்கிறது.

பயிற்சியைத் தொடங்குமுன் நரம்பியல் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கலந்து ஆலோசிப்பது அவசியம். இதய நோய், அண்மைய மீள்தாக்கம், அடிக்கடி விழுதல் ஆகியவை இருப்போருக்கு இது மேலும் முதன்மையானது.

இவற்றையும் பார்க்க

* தண்டுவட மரப்பு நோய்
* மைய நரம்பு மண்டலம்
* இயன்முறை மருத்துவம்
* உடற்பயிற்சி
* கொங்கு நாடு
* பாலக்காட்டுக் கணவாய்